வழியும் இலக்கும்



உபாத்தியாயராகவே வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் இச்சொற்பொழிவில் எதைப்பற்றிப் பேசுவது என்று யோசித்தபோது, ஆசிரியத் தொழிலின் உண்மையான மாற்று எந்த இடத்தில் உரசிப் பார்க்கப்படுகிறதோ அந்த இடத்தைப் பற்றியே பேசலாம் என்று துணிந்தேன். கண்ணும் செவியும் கையும் காலும் குறைவற அமைந்து, கற்பிப்பவர் எப்படிக் கற்பித்தாலும் ஓரளவு தாமே கற்றுக்கொள்ளும் மாணவரிடத்தில் ஆசிரியரின் திறமையும் திறமையின்மையும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன. புலனிலோ உடலிலோ ஒரு தடையைத் தாங்கி வகுப்பிற்குள் நுழையும் மாணவரிடத்திலோ, அவை இரண்டும் மறைய வழியின்றி வெளிப்பட்டுவிடுகின்றன.

இவ்விஷயத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரக்கத்தில் தொடங்கி இரக்கத்திலேயே முடிப்பது வழக்கம். இரக்கத்தை நான் இகழவில்லை. ஆனால், 'பாவம், இந்தப் பிள்ளையால் இவ்வளவு போதும்' என்று சொல்லிப் பாடத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஆசிரியரும், 'எல்லாருக்கும் எப்படியோ அப்படித்தான் உனக்கும்' என்று சொல்லி எந்த மாறுதலுக்கும் இணங்காத ஆசிரியரும், ஒருவருக்கொருவர் நேர் எதிரானவர்கள்போல் தோன்றினாலும், முடிவில் அந்த மாணவரைக் கொண்டுபோய் விடும் இடம் ஒன்றே என்பது என் அபிப்பிராயம். இலக்கைத் தாழ்த்தாமல் வழியை மட்டும் மாற்றுவதும், அவ்வழி எது என்பதைத் தம் கற்பனையால் தீர்மானிக்காமல் மாணவரிடமே கேட்டு அறிவதும் ஆகிய இவ்விரண்டுமே ஆசிரியர் செய்யத்தக்க உதவி என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி. இதைச் சரித்திரத்தில் நன்கு பதிவான சில வாழ்க்கைகளைக்கொண்டு விளக்க முயல்கிறேன்.

கூவ்ரே கிராமத்துப் பள்ளி

பிரான்சு நாட்டில், பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே கூவ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூர்மையான கருவியொன்றை எடுத்து விளையாடியபோது ஒரு கண்ணில் காயம்பட்டு, அக்காயத்தின் நோய் மற்றக் கண்ணுக்கும் பரவ, சில ஆண்டுகளுக்குள் இரு கண்களின் பார்வையையும் இழந்தான். அக்காலத்தில் கிராமத்து ஏழைக் குடும்பத்தில் பார்வையிழந்த குழந்தைக்குப் பெரும்பாலும் காத்திருந்தது தெருவோரத்துப் பிச்சைதான். ஆனால், அவ்வூர்ப் பாதிரியார் பாலுயி அவனுக்குத் தாமே பாடம் சொல்லத் தொடங்கினார்; பின்னர் அவ்வூர்ப் பள்ளியின் இளம் ஆசிரியர் பெஷரே, பிற பிள்ளைகளோடு அவனையும் தம் வகுப்பில் அமர்த்திக்கொண்டார்.

இதனை ஒரு சிறு காரியமென்று எண்ணலாகாது. பார்வையற்றவருக்குக் கற்பிக்க அந்த ஆசிரியர் எந்தப் பயிற்சியும் பெற்றவரல்லர். அவரை அவ்வாறு செய்யுமாறு கட்டளையிட்ட சட்டமும் இல்லை. பையன் செவியால் கேட்டதை மனத்தில் இருத்திக் கற்றான். ஆயினும், கேட்டுக் கற்கும் கல்விக்கு ஓர் எல்லை உண்டு. எழுத்தை அவனுக்குக் கொடுக்க அந்த வகுப்பால் இயலவில்லை. அந்த எல்லை வந்தபோது, அவன் கற்றது போதும் என்று நிறுத்திவிடாமல், அவ்வூர்ப் பிரபுவின் துணையை நாடி, 1819ஆம் ஆண்டு, அவனுடைய பத்தாம் வயதில், பாரிஸிலிருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரசப் பள்ளியில் அவனைச் சேர்ப்பித்தார்கள். தம்மால் இயன்றவரை கற்பித்து, இயலாத இடத்தில் இயல்வோரைத் தேடி ஒப்படைப்பதும் ஆசிரியத் தொண்டின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

விரலுக்கேற்ற எழுத்து

அந்தப் பள்ளியை 1785ஆம் ஆண்டளவில் நிறுவியவர் வாலன்டைன் ஹாயி என்னும் பெருந்தகை. பார்வையற்றோரும் படிக்க முடியும் என்பதையே உலகம் நம்பாதிருந்த காலத்தில், சாதாரண ரோமன் எழுத்துக்களைத் தடித்த தாளில் புடைப்பாக அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கச் செய்து காட்டிய புண்ணியவான் அவர். ஆயினும் அம்முறையில் ஒரு குறை இருந்தது. கண்ணுக்கென்று அமைந்த வளைவும் கோடும் விரல்நுனிக்கு எளிதில் பிடிபடாமையால், மாணவர் ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி மெல்லவே படிக்க முடிந்தது. புத்தகங்களோ தூக்க முடியாத பாரமாக இருந்தன. அம்முறையில் தாமே எழுதுவதற்கு மாணவருக்கு வழியே இல்லை. உற்று நோக்கினால், பார்வையுள்ள ஆசிரியர் எதைப் படிக்க முடியுமோ அதையே பார்வையற்ற மாணவரும் படிக்கவேண்டும் என்ற எண்ணம் அம்முறையின் அடியில் இருந்தமை விளங்கும்.

இந்நிலையில், பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த சார்லஸ் பார்பியே என்பவர், பன்னிரண்டு புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் ஓர் எழுத்துமுறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். அதைத் தொட்டுப் பார்த்த மாணவர்களுள் ஒருவனான பிரெயில், புள்ளியே விரலுக்கு உகந்தது என்பதைக் கண்டுகொண்டதோடு, பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல்நுனிக்குள் அடங்கா என்பதையும், ஒலியை மட்டும் குறிக்கும் முறையால் எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறிகளும் கைகூடா என்பதையும் கண்டு, தன் பதினைந்தாம் வயதுக்குள் ஆறு புள்ளிகளைக்கொண்டு அறுபத்து மூன்று குறிகளை அமைக்கும் முறையை வகுத்துவிட்டான். 1829ஆம் ஆண்டில் அது நூல்வடிவில் வெளிவந்தது.

நம் நாட்டிலும் தொடு உணர்வின் வழியே கல்வி புகுந்ததாகச் செய்தி உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், பிறர் தம் முதுகில் எழுத்துக்களை எழுதிக்காட்டக் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கண் இல்லையாயின் முதுகில் எழுதலாம் என்று முதலில் எண்ணியவர் யாராயினும், அவர் ஆசிரியர் என்னும் பெயருக்கு முற்றும் உரியவரே.

பாரிஸ் பள்ளியின் வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது அதன் தலைவர்களின் மனோபாவமே. 1821இல் தலைமையேற்ற பிஞ்ஞியே என்பவர், ஒரு மாணவன் வகுத்த முறை என்று அலட்சியம் செய்யாமல், அதை மாணவர்கள் விரும்புவதையும், அதனால் அவர்கள் தாமே குறிப்பெடுக்க முடிவதையும் கண்டு, எழுதுவதற்கு வேண்டிய பலகைகளைச் செய்வித்துக் கொடுத்தார். அரசின் அங்கீகாரம் இல்லாதபோதும் அதன் பயன்பாட்டிற்கு இடமளித்தார். 1840இல் அவருக்குப்பின் வந்த துஃபோ என்பவரோ அம்முறையைத் தடைசெய்தார். துஃபோவைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் விஷயம் எளிதாகிவிடும், உண்மை அப்படியன்று. பார்வையற்றவருக்குத் தனி எழுத்து இருந்தால் அவர்கள் சமுதாயத்தினின்றும் பிரிந்துவிடுவர், ஆகையால் எல்லாரும் படிக்கும் எழுத்து வடிவையே அவர்களும் படிக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இக்கொள்கையில், எந்த விரல்கள் படிக்க வேண்டுமோ அந்த விரல்களுக்கு உரியவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற எண்ணம்மட்டும் இல்லாமற் போயிற்று. மாணவர்கள் மறைவாக ஆறு புள்ளிகளிலேயே எழுதிவந்தனர். துணைத் தலைவரான குவாதே அதனைக் கண்டு, அம்முறையின் பெருமையைத் தம் தலைவருக்கு எடுத்துரைத்து, அவர் மனத்தை மாற்றினார். 1844இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அம்முறை பலரறிய விளக்கிக் காட்டப்பட்டது.

அப்பள்ளியிலேயே ஆசிரியராகவும் விளங்கிய பிரெயில் 1852இல் காலமானார். அவருடைய எழுத்துமுறையை அந்தப் பள்ளி அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல்தான். நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் அமைந்த பாரதி பிரெயிலும் அந்த ஆறு புள்ளிகளையே அடிப்படையாகக் கொண்டது; இன்று தமிழ் நூலொன்றை விரலால் படிக்கும் மாணவர், ஒரு மாணவன் வகுத்த முறையிலேயே படிக்கிறார்.

டஸ்கம்பியாவுக்கு வந்த ஆசிரியை

பிரெயிலின் வரலாறு, ஆசிரியர் மாணவருக்குச் செவிசாய்ப்பதன் பயனைக் காட்டுகிறதென்றால், ஆன் சலிவனின் வரலாறு இலக்கைத் தாழ்த்தாமையின் பயனைக் காட்டுகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கம்பியாவில், பத்தொன்பது மாதக் குழந்தையாயிருந்தபோது நோய்வாய்ப்பட்டுப் பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே இழந்த ஹெலன் கெல்லருக்குக் கற்பிக்க, 1887ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் வந்து சேர்ந்தபோது ஆன் சலிவனுக்கு வயது இருபதுதான். வறுமைப்பட்ட அயர்லாந்துக் குடியேறிகளின் மகளாகப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கண்நோயால் பார்வை மங்கி, தாயை இழந்து, ஏழைகள் விடுதியில் தம்பியைப் பறிகொடுத்து, பதினான்காம் வயதில் பாஸ்டனிலிருந்த பெர்க்கின்ஸ் பள்ளியில் சேர்ந்து படித்தவர் அவர். பார்வையும் செவியும் இழந்தும் அப்பள்ளியில் முன்னரே கல்வி பெற்று அங்கேயே வாழ்ந்துவந்த லாரா பிரிட்ஜ்மனிடம், உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக்களை உணர்த்தும் கைவிரல் எழுத்தைப் பழகியிருந்ததே அவர் கொண்டுவந்த முதற்செல்வம். மாணவரைப்போன்ற ஒருவரிடமே கற்றுக்கொண்டு மாணவரிடம் வந்தவர் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

நீரிறைக்கும் குழாயடியில், ஒரு கையில் தண்ணீர் வழிய, மறு கையில் ஆசிரியை எழுதிய எழுத்துக்களுக்கும் அந்தக் குளிர்ச்சிக்கும் உள்ள தொடர்பு அச்சிறுமியின் உள்ளத்தில் பளிச்சிட்ட ஏப்ரல் 5ஆம் நாளின் சம்பவத்தை நாடகமும் திரைப்படமும் உலகறியச் செய்துவிட்டன. எனக்கோ அதற்கு ஐந்து நாட்களுக்குப்பின் ஆன் சலிவன் எழுதிய கடிதம் இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்று, பதினைந்து மாதத்தது, தான் பேசத் தொடங்குவதற்கு முன்பே பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதைக் கண்ட ஆசிரியை, எந்தக் குழந்தைக்கும் நாம் ஒவ்வொரு சொல்லாக மணியடித்துப் பாடம் நடத்துவதில்லையே, முழு வாக்கியங்களாகத்தானே பேசுகிறோம் என்று சிந்தித்து, செவியுள்ள குழந்தையின் காதில் பேசுவதுபோல் இக்குழந்தையின் கையில் நாள் முழுதும் பேசுவது என்று முடிவுசெய்தார். குறையுள்ள குழந்தை என்பதற்காகக் குறைந்த மொழியைக் கொடுக்காமல், முழு மொழியையே வேறொரு வாயிலால் கொடுத்தார்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1900இல், ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தபோது, வகுப்புத்தோறும் அருகில் அமர்ந்து விரிவுரைகளைக் கையில் எழுதியும், புடைப்பெழுத்தில் கிடைக்காத நூல்களைத் தம்முடைய நலிந்த கண்களால் படித்துச் சொல்லியும் அவரோடு இருந்தவரும் அதே ஆசிரியைதான். 1904இல் ஹெலன் சிறப்புநிலையில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பார்வையும் செவியும் இன்றி அப்பட்டத்தைப் பெற்ற முதல் மனிதர் அவரே.

அவ்வெற்றிக்கு முன் அவர் பட்ட சிரமங்களுள் இரண்டை, அவை நம் பள்ளிகளுக்கும் பொருந்துவன ஆகையால், இங்கே குறிப்பிடுகிறேன். வடிவ கணிதத்தில் கரும்பலகையில் வரையும் உருவங்களை அறிய வழியின்றி, வளைந்தனவும் நேரானவுமான கம்பிகளை ஒரு மெத்தைத் திண்டின்மேல் குத்திவைத்து அவ்வுருவங்களை அமைத்துக்கொண்டார். அது வழி மாற்றம், தேற்றம் மாறவில்லை. 1899இல் கல்லூரி நுழைவுத் தேர்வின்போது, இயற்கணித வினாக்கள் அவருக்குப் பழக்கமில்லாத வேறொரு புள்ளியெழுத்து முறையின் குறிகளால் அமைந்திருப்பதைத் தேர்வுக்குச் சற்று முன்னரே அறிந்து, அக்குறிகளை அவசரமாகப் பழகிக்கொண்டு எழுத நேர்ந்தது. அங்கே சோதிக்கப்பட்டது அவருடைய கணித அறிவு அன்று; வினாத்தாள் தயாரித்தவர்களின் முன்யோசனையின்மையே. அத்தேர்வில் வினாத்தாளைப் படித்துச் சொல்ல ஆன் சலிவனை அனுமதிக்கவில்லை. அதை நான் குறைகூறேன். மாணவரின் செவியாகவும் கண்ணாகவும் இருக்கலாமேயன்றி, மாணவரின் அறிவாக ஆசிரியர் ஆகிவிடலாகாது. உதவி மிகுந்துபோனால் வெற்றி யாருடையது என்ற ஐயம் எழும். அந்த ஐயத்தின் துன்பம் முழுவதும் மாணவர் தலையிலேயே விழும்.

மிலான் மாநாட்டின் படிப்பினை

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய, செவிப்புலனற்றோர் கல்வி பற்றிய சர்வதேச மாநாடு, சைகை மொழியைவிட உதட்டசைவும் வாய்ப்பேச்சுமே கற்பித்தலுக்கு மேலானவை என்று தீர்மானித்தது. வந்திருந்த 164 பேராளர்களுள் செவிகேளாதவர் ஒருவரே. அத்தீர்மானத்தின் விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி விலக்கப்பட்டது. கையால் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகளின் கைகள் அடக்கப்பட்டன. அம்மாநாட்டின் வழிவந்த மாநாடு 2010இல் வான்கூவரில் கூடியபோதுதான் அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து! கற்போரைக் கேளாமல் கற்பிப்போர் எடுக்கும் முடிவுக்கு எத்தனை தலைமுறைகள் விலை கொடுக்கின்றன என்பதை இதனால் அறியலாம்.

நம் வகுப்பறை

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். பெருஞ்செலவோ அரிய கருவியோ இன்றி, நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடிய காரியங்கள் பல உள்ளன. கரும்பலகையில் எழுதிக்கொண்டே, 'இதையும் இதையும் கூட்டினால் இது வரும்' என்று சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. பார்வையற்ற மாணவருக்கு அந்த 'இது' ஒன்றுமே அன்று. எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் அவருக்குப் பாடம் கிடைக்கும். மற்ற மாணவர்க்கும் மனத்தில் பதியும். செவி மந்தமான மாணவர் ஆசிரியரின் உதடுகளைப் பார்த்தே பேச்சின் ஒரு பகுதியை உணர்கிறார் ஆகையால், பலகையை நோக்கித் திரும்பிக்கொண்டு பேசுவதும், வெளிச்சம் வரும் சன்னலுக்கு முன் நின்று முகத்தை நிழலாக்கிக்கொள்வதும் அவரை வகுப்பிலிருந்து வெளியேற்றுவதற்கு ஒப்பாகும். செவித்துணைக் கருவி அணிந்திருப்பவருக்கு எல்லாம் கேட்கும் என்று எண்ணுவதும் பிழை. அக்கருவி ஆசிரியரின் குரலோடு வகுப்பின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும்.

பார்வை மங்கிய மாணவரை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். சிலருக்கு அந்த இடத்தில்தான் பலகையின் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்யும். எங்கே உட்கார்ந்தால் தெரிகிறது என்று அவரையே கேட்க ஒரு நிமிஷம் போதும். மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும் மாணவர் மெல்ல எழுதினால், அவருடைய அறிவு மெல்ல இயங்குகிறது என்று முடிவுகட்டாமல், வாய்மொழியாக விடை சொல்ல இடம் கொடுக்கலாம். எழுத்துக்களைக் கூட்டிப் படிப்பதில் இடர்ப்படும் கற்றல் குறைபாடுடைய குழந்தையை, முன்னறிவிப்பின்றி எழுப்பி வகுப்பு முழுவதும் கேட்க உரக்கப் படிக்கச் சொல்வது, கற்பித்தல் ஆகாது. படிக்க வேண்டிய பகுதியை முந்தின நாளே கொடுத்து வைத்தால், அதே குழந்தை தலைநிமிர்ந்து படிக்கும். சக்கர நாற்காலியில் வரும் மாணவரின் வகுப்பு மாடியில் இருக்குமானால், அவரைத் தூக்கிச் செல்ல நான்கு நண்பர்களை ஏற்பாடு செய்வதைவிட, வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதே மரியாதை.

இவற்றோடு வகுப்பின் பிற பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. அப்பிள்ளைகள் ஆசிரியரின் சொல்லைவிட ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே கற்கிறார்கள். மாற்றுத்திறனுடைய மாணவரின் தவறான விடையை, 'பரவாயில்லை' என்று மழுப்பி விட்டுவிடாமல், மற்றவர்களின் விடையைத் திருத்துவதுபோலவே திருத்தும் ஆசிரியரைக் கண்டால், இவரும் நம்மில் ஒருவரே என்பது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கிவிடும். அவருக்கு வீட்டுப்பாடம் தர மறுப்பதும், பேச்சுப்போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் பெயர் கொடுக்காமல் விடுவதும் சலுகைபோலத் தோன்றும் விலக்கல்களே.

சட்டம் இன்று ஆசிரியருக்குத் துணையாக நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைக் கணக்கில்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து கற்கும் உரிமையையும், அவரவர் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதரும் கடமையையும் விதித்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் துணையும் கிடைக்கின்றன. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய ஒருவர் தொடுத்த வழக்கில், சட்டம் வகுத்த குறிப்பிட்ட அளவுக்குக் குறைபாடு இருந்தால்தான் எழுதுபவரைத் தரமுடியும் என்ற வாதத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால், இவ்வுரிமைகள் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. விண்ணப்பம் எப்போது, யாரிடம், எந்தச் சான்றிதழோடு கொடுப்பது என்பதும் தெரியாது. அரசாணையைப் படித்து, பொதுத்தேர்வு ஆண்டு தொடங்கும்போதே பெற்றோரை அழைத்துச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, சொல்வதை எழுதுபவரோடு முன்கூட்டியே பழகிப்பார்க்க மாணவருக்கு வாய்ப்பளிக்கும் ஓர் ஆசிரியர் இல்லையானால், சட்டம் காகிதத்திலேயே கிடக்கும். தொடர்ந்து வந்து செல்லும் சிறப்பாசிரியர் இருக்கிறாரே, அது அவர் வேலை என்று வகுப்பாசிரியர் ஒதுங்கிவிடலும் கூடாது. அவர் சில மணி நேரத்துக்கு வருபவர், மாணவர் ஆண்டு முழுவதும் இருப்பது உங்கள் வகுப்பில்.

ஆசிரியரின் சிரமங்களை நான் அறியாதவன் அல்லன். நாற்பது ஐம்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பு, முடிக்க வேண்டிய பாடப்பகுதி, நிரப்ப வேண்டிய பதிவேடுகள் ஆகியவற்றுக்கிடையே ஒரு பிள்ளைக்கென்று தனியே நேரம் எங்கே என்று கேட்பது நியாயமான கேள்வியே. அதற்கு நான் சொல்லக்கூடிய விடை, நான் மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவை தனி நேரத்தை வேண்டுவன அல்ல, வேறு பழக்கத்தை வேண்டுவன என்பதுதான். தனி நேரமும் கருவியும் ஆளும் தேவைப்படும் இடங்களில், அவற்றைப் பெற்றுத்தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. கேட்க வேண்டியதை எழுத்துமூலம் கேட்பது ஆசிரியரின் கடமை.

ஆசிரியப் பயிற்சி முடித்து விரைவில் பள்ளிகளுக்குச் செல்லவிருக்கும் இளையோரே, உங்களிடம் ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். உங்கள் வகுப்பில் அத்தகைய மாணவர் ஒருவர் வந்து சேரும் முதல் வாரத்தில், அவரைத் தனியே அழைத்து, எப்படிச் சொன்னால் உனக்கு விளங்குகிறது, எது உனக்குத் தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, பாடமுறையை அதற்கேற்ப மாற்றுங்கள். அதன்பின், மற்ற மாணவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்களோ அவ்வளவையும், ஓர் அணுவும் குறையாமல், அவரிடமும் எதிர்பாருங்கள்.